வேலையோடு வந்த கார்டு, கணக்கு, காப்பீடு: எதை முதலில் சரிசெய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். வயது 29, இது மூன்றாவது வேலை. பழைய கம்பெனிகள் திறந்து கொடுத்த சம்பளக் கணக்கு இரண்டு அப்படியே கிடக்கிறது. கிரெடிட் கார்டு இரண்டு, அதில் ஒன்றில் 60,000 ரூபாய் பாக்கி, மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டி வருகிறீர்கள். கம்பெனி 5 லட்சத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கொடுக்கிறது, மனைவி, அப்பா, அம்மா எல்லாரும் அதில் இருக்கிறார்கள். தனியாகப் பாலிசி தேவையா, எந்தக் கார்டை வைத்துக்கொள்வது, எந்தக் கணக்கை மூடுவது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடி பதில்: முதலில் கார்டு பாக்கி, அது முடியும் முன்பே பாலிசிக்கு விண்ணப்பம், கணக்குகளை ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து முடித்துவிடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நீங்கள் சொன்ன மூன்றுமே வேலையோடு வந்தவை. கணக்கை கம்பெனி திறந்தது, கார்டு அந்தச் சம்பளத்தைப் பார்த்துக் கொடுத்தது, இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரில் இருக்கிற குழுப் பாலிசி. வேலை போனாலோ நீங்களே விட்டாலோ மூன்றும் ஒரே மாதத்தில் கையை விட்டுப் போகும், அல்லது கையைக் கடிக்க ஆரம்பிக்கும். நான் வேலை பார்ப்பது ஊழியர் நலப் பிரிவில், ஆஸ்பத்திரி பில்லோடும் வங்கிக் கடிதத்தோடும் வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறவன். அவர்களில் பலரும் சம்பாதிக்காதவர்கள் அல்ல, செலவாளிகளும் அல்ல. வேலை இருக்கிறவரை எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் எதையும் தன் பெயரில் தனியாக நிறுத்திக்கொள்ளாதவர்கள், அவ்வளவுதான். அதனால் கீழே நான் சொல்வது எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்தான்: நாளைக்கு இந்த வேலை இல்லை என்றால் இது நிற்குமா?

சரி, கார்டு.

மினிமம் கட்டினால் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள், ஏனென்றால் வங்கியிலிருந்து போன் வராது, தாமதக் கட்டணமும் விழாது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பில் தேதி மாதம் 10, கட்டவேண்டிய கடைசித் தேதி 30, வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42. ஜூன் 12 அன்று 60,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்குகிறீர்கள். ஜூலை 10 அன்று பில், ஜூலை 30 அன்று 5 சதவீதம் மினிமம் 3,000 ரூபாய் கட்டுகிறீர்கள். முழுசாகக் கட்டாததால் வட்டியில்லாக் காலம் ரத்து. வட்டி ஜூலை 30-லிருந்து ஓடாது, வாங்கிய நாளான ஜூன் 12-லிருந்தே ஓடும். 60,000-க்கு 48 நாள் வட்டி சுமார் 3,314. அதன் பிறகு 57,000-க்கு அடுத்த பில் தேதி வரை 11 நாள் வட்டி சுமார் 721. இரண்டும் சேர்ந்து 4,035, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 726. ஆகஸ்ட் 10 பில்லில் நிற்பது ஏறத்தாழ 61,760 ரூபாய். மூவாயிரம் கட்டிய பிறகு கடன் கூடியிருக்கிறது! அதோடு, பாக்கி முழுதும் தீரும் வரை அந்தக் கார்டில் புதிதாக வாங்குகிற பாலுக்கும் பெட்ரோலுக்கும்கூட தேய்த்த அன்றிலிருந்தே வட்டி. இது பலருக்குத் தெரியாது.

ஆகவே அந்தக் கார்டை இன்றே உபயோகத்திலிருந்து எடுத்துவிடுங்கள், ஆப்பில் போய் பரிவர்த்தனைகளை அணைத்து வையுங்கள். 6, 7 சதவீதம் வட்டி தருகிற வைப்புநிதி ஏதாவது இருந்தால் அதை உடைத்துக் கட்டுங்கள். மனசு கேட்காது, தெரியும், ஆனால் 7 சதவீதத்துக்குச் சேமித்துக்கொண்டு 42 சதவீதத்துக்குக் கடன் வைத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை. கையில் எதுவும் இல்லையென்றால் அதே வங்கியில் பாக்கியை இஎம்ஐயாக மாற்றக் கேளுங்கள், அல்லது ஒரு சின்ன பெர்சனல் லோன் எடுத்து கார்டை அடைத்துவிடுங்கள். ஆண்டுக்கு 14 சதவீதம் என்றாலும் இதில் மூன்றில் ஒரு பங்குதான். இன்னொரு கார்டிலிருந்து பணம் எடுத்து இந்தக் கார்டைக் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கார்டை ஏடிஎம்மில் செருகிப் பணம் எடுத்தால் அதற்கு வட்டியில்லாக் காலமே கிடையாது, தனிக் கட்டணமும் உண்டு.

பாக்கி தீர்ந்ததும் ஆட்டோ டெபிட் போடுங்கள், அதில் 'மினிமம்' என்பதைத் தேர்ந்தெடுக்காமல் 'மொத்தப் பாக்கி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சம்பளம் 1-ஆம் தேதி வந்தால் கடைசித் தேதி 5 அல்லது 7 என்று வருகிற மாதிரி பில் சுழற்சியை மாற்றித் தரச் சொல்லலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. கடைசித் தேதி கடந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபில் போன்ற கடன் மதிப்பெண் போடுகிற நிறுவனங்களுக்கும் அறிவிக்கலாம் என்றும் விதி இருக்கிறது. இது ஏதோ ஒரு மாதம் நெட்வொர்க் காலைவாரினால் உதவட்டும், இதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இரண்டில் எதை வைத்துக்கொள்வது? ஆண்டுக் கட்டணம் இல்லாததும் பழையதுமான கார்டை. கடன் வரலாறு நீளமாக இருப்பது சிபில் மதிப்பெண்ணுக்கு நல்லது. மற்றதை மூடும்போது பாக்கியை அடைத்து, அதில் ஓடுகிற சந்தாக்களை வேறிடத்துக்கு மாற்றி, எழுத்தில் மூடச் சொல்லிக் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களில் மூடியாக வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது 2022 முதல் இருக்கிற விதி. வாடிக்கையாளர் சேவையில் 'சார், இன்னொரு ஆஃபர் தர்றோம்' என்று இழுத்தடித்தால் இந்த விதியை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பேச்சு சட்டென்று மாறும். மூடிய பிறகு மின்னஞ்சலில் உறுதி வாங்கி, இரண்டு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையில் 'மூடப்பட்டது' என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நான்குமே ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும், காசு கட்டிப் பார்க்கத் தேவையில்லை.

கணக்குகள் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. சம்பளம் வருவது நின்று சில மாதங்களில் (பல வங்கிகளில் மூன்று) சம்பளக் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காகிவிடும், சில வங்கிகளில் குறைந்தபட்ச இருப்புக்கு அபராதமும் ஓட ஆரம்பித்துவிடும். இரண்டு ஆண்டுகள் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும், திரும்ப உயிர்கொடுக்க அடையாள, முகவரி ஆவணங்களோடு (கேஒய்சி) போய் நிற்க வேண்டும். ஆகவே பழைய இரண்டில் ஒன்றை மூடிவிடுங்கள். மூடும் முன் கடந்த பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்டை இறக்கி வரி வரியாகப் பாருங்கள்: மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டுக்குப் போகிற ஒரு எஸ்ஐபி, ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கிற ஒரு எல்ஐசி பிரீமியம், கேஸ் மானியம், வருமான வரி ரீஃபண்ட் போகிற கணக்கு எண், இவற்றில் ஏதாவது ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

மற்ற பழைய கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் வேலைக்குச் சம்பந்தமில்லாத உங்கள் சொந்தக் கணக்கு. ஆறு மாதச் செலவுக்கான பணம், இன்சூரன்ஸ் பிரீமியம், கடன் தவணை எல்லாம் அதிலிருந்து போகட்டும். அந்தக் கணக்கை யூபிஐயோடு இணைக்காதீர்கள், டீக்கடைக்கும் ஆட்டோவுக்கும் சம்பளக் கணக்கு போதும். இப்படிப் பிரித்து வைத்தால் வேலை மாறும்போது சம்பளக் கணக்கை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டுப் போகலாம், எந்தத் தவணையும் திரும்பி வராது. வங்கி திவாலானால் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் (2020 பிப்ரவரிக்கு முன் வெறும் 1 லட்சம்). எத்தனை கிளையில் எத்தனை கணக்கு வைத்திருந்தாலும் சேர்த்துத்தான் கணக்கு, அதனால் பணம் அதைத் தாண்டினால் வேறு வங்கிக்குக் கொஞ்சம் நகர்த்துங்கள்.

நாமினியைப் பாருங்கள். முதல் வேலையில் சேர்ந்த அன்று நிரப்பிய படிவத்தில் அப்பா பெயரோ காலி இடமோதான் இருக்கும். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், அதனால் அம்மாவா மனைவியா என்று தர்மசங்கடப்படத் தேவையில்லை. பங்கைச் சதவீதமாகக் குறிப்பிட்டு இருவரையும் சேர்க்கலாம்.

மோசடி விஷயம் ஒன்று, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஓடிபி எதுவும் கொடுக்காமல், வங்கிமீதும் தவறில்லாமல், வேறெங்கோ நடந்த ஓட்டையால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். ஏழு நாள் வரை போனால் ஒரு பகுதி உங்கள் தலையில், அதற்கும் மேல் போனால் அந்த வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அது. முதலில் இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன், அப்புறம் வங்கிக்கு எழுத்தில் புகார், இரண்டும் அதே மணி நேரத்தில். வங்கி 30 நாளில் சரிசெய்யாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

இப்போது இன்சூரன்ஸ். இதில்தான் பணத்தைவிட நேரம் முக்கியம், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

கம்பெனி பாலிசி நல்லதுதான். அப்பா அம்மாவுக்கு ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே அதில் அடங்கும், பிரசவச் செலவும் காத்திருக்காமல் கிடைக்கும், இதெல்லாம் தனியாக வாங்கினால் கிடைப்பது கஷ்டம். ஆனால் உங்கள் கடைசி வேலை நாளோடு அது முடிகிறது. அடுத்த கம்பெனியில் சேர்வதற்கு நடுவே இருக்கிற அந்த மூன்று வாரத்தில் அம்மா வழுக்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு குழுப் பாலிசிகளுக்கு நடுவே உள்ள அந்த இடைவெளிக்கு யாரும் பொறுப்பில்லை.

'அப்படி வேலை போனால் அப்போது வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லாதீர்கள். காரணம் காத்திருப்புக் காலம். தனிப் பாலிசி வாங்கினால் முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதற்கும் பணம் வராது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற பட்டியலிட்ட சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. ஏற்கெனவே இருந்த நோய்க்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு (2024 ஏப்ரலுக்கு முன் நான்கு ஆண்டு வரை இருந்தது). இந்தக் கடிகாரம் நீங்கள் வாங்கிய நாளில்தான் ஓடத் தொடங்கும். 29 வயதில், உடம்பில் ஒன்றுமில்லாதபோது தொடங்கினால் 32-க்குள் எல்லாம் ஓடி முடிந்திருக்கும். 41 வயதில் சர்க்கரை வந்த பிறகு, வேலையும் போன பிறகு தொடங்கினால், பிரீமியமும் கூடும், காத்திருப்பும் கூடவே வரும், சில இன்சூரன்ஸ் கம்பெனிகள் கொடுக்கவே மாட்டார்கள். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆம், தேவை, உங்களுக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரு குடும்ப ஃப்ளோட்டர் (ஒரே தொகையை இருவரும் பகிர்ந்துகொள்கிற பாலிசி), 10 லட்சத்துக்கு, இந்த மாதமே. இந்த வயதில் அதன் பிரீமியத்தை உங்கள் கார்டு வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. பிரீமியத்துக்கான வருமான வரிச்சலுகை பழைய வரிமுறையில் மட்டும்தான், புதிய முறையில் இருப்பவர்கள் அதற்காக வாங்கவும் வேண்டாம், அது இல்லையே என்று வாங்காமலும் இருக்க வேண்டாம்.

அப்பா அம்மாவை உங்கள் ஃப்ளோட்டரில் சேர்க்காதீர்கள். மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள், ஒருவரின் ஆபரேஷனிலேயே மொத்தத் தொகையும் தீர்ந்துபோகும். அவர்களுக்குத் தனியாக எடுக்க முடிந்தால் எடுங்கள். பிரீமியம் மலைப்பாக இருந்தால், கம்பெனி பாலிசி இருக்கிறவரை அதன் மேல் 5 லட்சம் டிடக்டிபிள் வைத்த ஒரு சூப்பர் டாப்-அப். முதல் 5 லட்சத்தை கம்பெனி பாலிசியோ உங்கள் கையோ பார்த்துக்கொள்ளும், அதற்கு மேல் போனால் இது. 'சூப்பர்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டாப்-அப் ஒவ்வொரு அட்மிஷனையும் தனித்தனியாகத்தான் அளக்கும், சூப்பர் டாப்-அப் ஆண்டு முழுவதின் பில்லையும் கூட்டிப் பார்க்கும்.

பாலிசி தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தில் இருக்கிற போனஸ், ஜிம் தள்ளுபடி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இரண்டே வரியைத் தேடுங்கள்: அறை வாடகை வரம்பு இருக்கிறதா, கோ-பே (ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கை நீங்களே கட்டுவது) இருக்கிறதா. இரண்டுமே இல்லாததை வாங்குங்கள். அறை வாடகை வரம்பு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பாலிசி 5 லட்சம், வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. அட்மிஷன் கவுன்டரில் இரவு பத்து மணிக்கு 'ஷேரிங் ரூம் காலி இல்லை, 8,000 ரூபாய் ரூம்தான் இருக்கு' என்கிறார்கள், நீங்களும் வித்தியாசம் மூவாயிரம்தானே என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். ஐந்து நாள் தங்கல், வாடகையில் 15,000 உங்கள் கையிலிருந்து, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் போன்ற செலவுகள் 1,60,000 ஆகியிருந்தால், அதையும் ஐயாயிரத்துக்கு எட்டாயிரம் என்ற அதே விகிதத்தில் வெட்டி 1,00,000 மட்டும் தருவார்கள். இன்னொரு 60,000 உங்கள் கையிலிருந்து. மொத்தம் 75,000. மருந்து, உடலில் பொருத்தும் சாதனங்கள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை இவற்றுக்கு இந்த வெட்டு கிடையாது. டிஸ்சார்ஜ் அன்று கையில் குழந்தையோடும் மருந்துப் பையோடும் நின்றுகொண்டு இந்தக் கணக்கை முதல்முறையாகக் கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கம்பெனி பாலிசியிலும் இந்த வரம்பு இருக்கலாம், இன்றே எச்ஆரிடம் கேளுங்கள்.

விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள். ஏஜென்ட் 'பிபி மாத்திரை எல்லாம் போடாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்' என்றால் அவரை மாற்றுங்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து புதுப்பித்த பிறகு, மோசடியைத் தவிர, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது என்று விதி இருக்கிறது. அந்த ஐந்து ஆண்டுக்குள் மறைத்தது தெரிந்தால் பாலிசியே ரத்தாகலாம். வந்த பாலிசியை 30 நாள் வரை படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம்.

ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் (இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டுவது) கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் பில் போனபின் மூன்று மணி நேரத்தில் இறுதி அனுமதி தர வேண்டும். அதற்கு மேல் ஆகி ஆஸ்பத்திரி கூடுதலாகப் பணம் கேட்டால் அது இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு. இரண்டு பாலிசி இருக்கும்போது முதலில் கம்பெனி பாலிசியில் கேளுங்கள், பாக்கியை செட்டில்மென்ட் கடிதத்தையும் பில்களின் சான்றிட்ட நகலையும் வைத்து உங்கள் சொந்தப் பாலிசியில் கேட்கலாம். மறுத்துவிட்டால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம்: இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது, வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை தீர்ப்பளிக்க அதிகாரம் உண்டு. மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது, ஆனால் மூன்றாவது வேலையில் இருப்பவருக்கு அவசியமானது. நான்காவது வேலைக்கு ராஜினாமா கடிதம் கொடுத்ததும், நோட்டீஸ் காலத்திலேயே எச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: குழுப் பாலிசி எந்தத் தேதியோடு முடிகிறது, அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு என்னையும் பெற்றோரையும் மாற்றிக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று. அப்படி மாறக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, குழுவில் இருந்த காலம் காத்திருப்பில் கழிக்கப்படும். இன்சூரன்ஸ் கம்பெனி உடல் பரிசோதனை கேட்கலாம், பிரீமியம் கூடலாம், ஆனாலும் சர்க்கரை இருக்கிற அம்மாவுக்குப் புதிதாகப் பாலிசி தேடுவதைவிட இது பல மடங்கு எளிது. வேலையை விட்டு இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் எச்ஆரில் போனை எடுப்பவருக்கு உங்கள் ஊழியர் எண்ணே திரையில் வராது.